தாங்கி கட்டிய கதை

திருகோணமலைவாசிகளாகிய நமக்குத் ‘தாங்கி’ என்னும் சொல் புதிதன்று. சீனக்குடாவின் காட்டுக்குள்ளே, ஆங்கிலேயர் தமது கடற்படைக்கு எண்ணெய் சேமிப்பதற்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பிய இரும்புத் தாங்கிகள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் எண்ணெய் கொள்ளும். வீட்டுக்கு வீடு கூரைமேல் தண்ணீர்த் தாங்கி உண்டு. தமிழூர்களின் பழைய பாதையோரங்களிலே, கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக நாட்டப்பெற்ற சுமைதாங்கிக் கற்களையும் நம்மிற் பலர் கண்டிருப்போம்.

ஆகவே, சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், உவர்மலையிலுள்ள நமது வீட்டு விறாந்தையிலே, பதின்மூன்று வயதான நமது மருமகன், “மாமா, நான் ஒரு தாங்கி கட்டப் போகிறேன்” என்று அறிவித்தபோது, சுளகில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நமது தாயார் தலை நிமிராமலே விடை பகர்ந்தார்:

“நல்லது ராசா. மேலே இருக்கிறது ஒழுகத் தொடங்கி இரண்டு மாதம். மேசன் இன்றைக்கு நாளைக்கு என்கிறான். நீயாவது கட்டு.”

சிறுவன் சிரித்துவிட்டுத் தன் தாயின் கைத்தொலைபேசியை எடுத்து வந்து, அதில் இருந்த படத்தைப் பாட்டிக்குக் காட்டினான். அது யுத்த தாங்கியின் படம். சிறுசிறு பிளாஸ்டிக் உறுப்புகளை ஒட்டிச் செய்கின்ற மாதிரி உரு. அம்மா அதைச் சிறிது நேரம் நோக்கினார். பின்னர் சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிரவு சோறு பரிமாறும்போதும் அதைப்பற்றி ஒரு சொல் பேசினாரில்லை.

அம்மாவின் மௌனத்துக்குக் காரணம் நமக்குத் தெரியும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியது இரண்டு தடவை. கவச வாகனத்தின் உறுமல் தெருமுனையில் கேட்டதும் விளக்கணைத்த இரவுகளுக்குக் கணக்கில்லை. ஆனாற் சிறுவனின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அவனுடைய தந்தையார் கட்டாரில் வேலை செய்கிறார். பிறந்தநாளுக்கென்று பணம் அனுப்பியவர், “நான் லீவில் வரும்போது நீயே செய்த ஒன்றை எனக்குக் காட்டவேண்டும்” என்று சொல்லியிருந்தார். தொடங்கிய எதையும் முடிக்காதவன் என்று பெயரெடுத்த பிள்ளை அவன். மிருதங்க வகுப்பு மூன்று மாதம். தபால்தலைச் சேகரிப்பு ஒரு மாதம். இம்முறையாவது ஒன்றை முடிப்பானா என்பதே வீட்டாரின் கவலை.

பெட்டியின் மேல் தீட்டிய படம்

முதற் பிழை நம்முடையது. அதை ஒளிக்க வேண்டியதில்லை. இவ்வூரில் இத்தகைய பொருட்கள் எளிதிற் கிடைப்பதில்லை. கொழும்பிலிருந்த உறவினர் ஒருவரிடம் சொல்லி வைத்தோம். எதை வாங்குவது என்று அவர் கேட்டபோது, நாமும் சிறுவனும் பெட்டிகளின் மேலிருந்த படங்களையே பார்த்துத் தீர்மானித்தோம். தீச்சுவாலையின் நடுவே பாய்ந்து வரும் ஜேர்மன் ‘டைகர்’ தாங்கியின் படம் எல்லாவற்றிலும் கம்பீரமாக இருந்தது. அதுவே வந்து சேர்ந்தது.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே கம்பீரம் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான சாம்பல்நிற உறுப்புகள், நெத்தலி முள்ளிற் சதை ஒட்டியிருப்பதுபோல, பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருந்தன. டைகரின் சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டவை. அதன் சங்கிலிப்பட்டைக்கு ஒரு பக்கத்துக்கு 96 கண்ணிகள். நாம் வாங்கிய பெட்டியிலோ அவை யாவும் தனித்தனியே வெட்டி, தேய்த்து, ஒட்டப்பட வேண்டியவை. முப்பதாவது கண்ணியிற் சிறுவனின் பொறுமை போயிற்று. நாற்பதாவதில் நம்முடையதும் போயிற்று. பசை வழிந்த விரலால் மேற்தகட்டைத் தொட்டதில், நமது பெருவிரல் ரேகை அதிலே நிரந்தரமாகப் பதிந்தது. மூன்றாம் வாரம் பெட்டி அலுமாரியின் மேல் ஏறிற்று.

“எனக்கு இது வராது மாமா” என்றான் சிறுவன். அவன் அதை வருத்தத்தோடு சொல்லியிருந்தால் நாம் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டோம். முன்னமே தெரிந்த செய்தியைப்போல் அமைதியாகச் சொன்னான். பிள்ளையால் இயலாதது எது, நாம் தவறித் தெரிந்தெடுத்தது எது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டிய கடமை அப்போதுதான் நமக்கு உறைத்தது.

பெயர் வந்த வழி

மறுபடி தொடங்குமுன் இப்பொருளைப்பற்றிச் சிறிது படிப்போம் என்று இருவரும் தீர்மானித்தோம். படித்ததில் முதலாவதாக நம்மைக் கவர்ந்தது பெயரின் வரலாறு.

முதலாம் உலகப் போரின்போது இக்கவச வண்டியை இரகசியமாகச் செய்த ஆங்கிலேயர், வேலையாட்களுக்கும் அது என்னவென்று தெரியாதிருக்கும்பொருட்டு, தண்ணீர் கொண்டு செல்லும் தொட்டி என்று கதை கட்டிவிட்டனர். ‘டாங்க்’ என்ற அப்பெயரே நிலைத்தது. 1916ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் சோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக இறங்கியது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் தேடினால், அகராதிகள் குஜராத்தி முதலான இந்திய மொழிகளையும் போர்த்துக்கேயத்தையும் காட்டும். நமது கந்தளாய்க் குளத்தையும் ஆங்கில நூல்கள் அதே சொல்லாலேயே குறிக்கின்றன. ஆக, தண்ணீர்த் தாங்கி என்று அம்மா முதலில் விளங்கிக்கொண்டது அத்துணைப் பெரிய பிழையன்று!

தமிழ்நாட்டிலும் இதற்கொரு தொடர்பு உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலே 1960களின் நடுப்பகுதி முதல் ‘விஜயந்தா’ என்னும் தாங்கி செய்யப்பட்டது. மெய்யான தாங்கியையே செய்து பழகிய கைகள் தமிழ்நாட்டில் இருந்திருக்க, மாதிரியைச் செய்ய நமக்கு ஏன் இயலாது என்று சிறுவனிடம் சொன்னோம். அவன் நம்பினான் என்று சொல்லமுடியாது. ஆயினும் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

தெரிந்தெடுக்கும் முறை

இனி, நம்மைப்போற் புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் பொருட்டு, நாம் பட்டறிந்தவற்றைச் சொல்வோம்.

முதலாவது, அளவு. பெட்டியின் மேல் 1/35, 1/48, 1/72 என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். மெய்யான பொருளின் எத்தனையில் ஒரு பங்கு என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 19 அடி நீளமான அமெரிக்க ‘ஷேர்மன்’ தாங்கி, 1/35இல் ஆறரை அங்குலமாகும்; 1/48இல் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறையும்; 1/72இல் மூன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கிவிடும். சிறியது எளிது என்று எண்ணவேண்டாம். உறுப்பு சிறுத்தால், பிடிக்கும் விரல் இடறும். விலையும் இடமும் இடங்கொடுத்தால் 1/35 புதியவருக்கு நல்லது. இந்த 35 என்ற விசித்திரக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? மர வியாபாரமாகத் தொடங்கிய ஜப்பானின் தமியா நிறுவனம், 1961ஆம் ஆண்டில் ‘பாந்தர்’ தாங்கியின் மாதிரியை வெளியிட்டபோது, உள்ளே மின்மோட்டாரும் பற்றரிகளும் அடங்கவேண்டும் என்று உடலின் பருமனை அமைத்தது. அளந்து பார்த்தபோது 35இல் ஒரு பங்கு வந்தது. உலகமே பின்னர் அதைப் பின்பற்றலாயிற்று.

இரண்டாவது, உறுப்புகளின் தொகை. நூறு முதல் இருநூறு வரை போதும். மூன்றாவது, சங்கிலிப்பட்டை. கண்ணி கண்ணியாக ஒட்டுவதை விடுத்து, இறப்பர் போல வளையும் ஒரே பட்டையாக வருவதைத் தேடுக. நான்காவது, நிறம். பல வர்ணத் தீற்றல்கள் உள்ளதை விட்டு, ஒரே பச்சை நிறமுள்ளதைத் தேர்க. மெல்லிய பித்தளைத் தகட்டு உறுப்புகள் சேர்ந்த பெட்டியை நான்காவது ஐந்தாவது மாதிரிக்கு ஒத்திவைத்தல் நன்று.

“துறைமுகத்திற் பிறந்தவன் கப்பலையல்லவா செய்யவேண்டும்?” என்று அயலவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாற் கப்பலுக்குக் கயிறு கட்டவேண்டும். விமானத்துக்குக் கண்ணாடி மூடியிற் பசைக்கறை படாமற் காக்கவேண்டும். தாங்கிக்கு இவ்விரண்டும் இல்லை. அதற்குமேல் ஒரு பெரும் வசதி உண்டு. தாங்கி சேற்றில் ஓடுகின்ற வண்டி. புதியவன் விட்ட பிழையைக் கொஞ்சம் சேறு பூசி மறைத்துவிடலாம். இவ்வளவு இரக்கமுள்ள வேறொரு மாதிரி இல்லை.

இவ்வாறெல்லாம் ஆராய்ந்து நாம் வரவழைத்தது ஷேர்மன். ஒரு பக்கத்துக்கு ஆறே சக்கரம், ஒரே பட்டை, ஒரே பச்சை. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் செய்யப்பட்ட வண்டி அது. 1945இல் பர்மாவின் மெய்க்டீலா நகரைக் கைப்பற்றிய படையில், ஷேர்மன்களைச் செலுத்திய இந்தியப் போர்வீரரும் இருந்தனர். பெட்டியின் படம் டைகரினதைப்போல் அத்தனை எடுப்பாக இல்லை என்று சிறுவன் முணுமுணுத்தான். “படத்தை ஒட்டப் போவதில்லை, உள்ளே இருப்பதைத்தான் ஒட்டப் போகிறோம்” என்றோம்.

கச்சானும் வாடையும்

சட்டங்களைச் சவர்க்காரத் தண்ணீரிற் கழுவிக் காயவிட்டோம். வார்ப்பச்சின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் பிடிக்காது. உறுப்பை முறுக்கிப் பிடுங்கலாகாது. குறட்டினாற் சட்டத்தைச் சற்றுத் தள்ளி ஒருமுறையும், எஞ்சிய முளையை ஒட்டி மறுமுறையும் வெட்டி, அரத்தாளால் மெல்லத் தேய்க்கவேண்டும். பசையிடுமுன் வெறுமனே பொருத்திப் பார்க்கவேண்டும். இதற்கான பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குவது. ஆதலால், இரண்டு உறுப்புகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் ஓரத்தில் தூரிகை நுனியாற் தொட்டால் போதும். அது தானாக இடுக்கினுள் ஓடும். கூடினால் நமது பெருவிரல் ரேகையின் கதைதான். பசையின் ஆவி தீப்பற்றக்கூடியது. குத்துவிளக்குக்கும் அடுப்புக்கும் எட்ட, காற்றோட்டமான விறாந்தையிலேயே வேலையை வைத்துக்கொண்டோம். கத்தியைப் பெரியவர் அருகில் இருக்கும்போதன்றித் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

சக்கரங்களை ஒட்டியதும் வண்டியை முகக்கண்ணாடியின் மேல் நிறுத்தி, பசை இறுகுமுன் பன்னிரண்டும் தரையைத் தொடுகின்றனவா என்று பார்த்தோம். ஒன்று தொடவில்லை. சிறுவன் பெருமூச்சுவிட்டான், எழுந்து போய்விடுவான் என்று அஞ்சினோம். ஆனால் அவன் அதைக் கழற்றி, தேய்த்து, மீண்டும் வைத்தான். அன்றுதான் நமது நெஞ்சில் நம்பிக்கை பிறந்தது.

இவ்வூருக்கென்று சில இடர்களும் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், தூரிகையிலிருக்கும் வர்ணம் வண்டிக்குப் போய்ச் சேருமுன்னே காய்ந்துவிடும். சிறிது தண்ணீரோ, அதற்குரிய கரைசலோ கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை பூசவேண்டும். தடித்து ஒருமுறை பூசலாகாது. வாடைக்காலத்திலோ காற்றில் ஈரம் மிகுதி. அப்போது விசிறும் வர்ணம் பால் படர்ந்ததுபோல வெளுத்துப்போகும். ஆகவே ஒட்டுவதை மாரியிலும், பூசுவதைக் கோடையின் காலை வேளையிலும் வைத்துக்கொள்ளுதல் உத்தமம்.

அம்மாவின் கேள்வி

இந்த நாட்களிலெல்லாம் அம்மா விறாந்தைப் பக்கம் வருவதைத் தவிர்த்தே வந்தார். ஒருநாள் பின்னேரம், தேநீர் கொண்டுவரும் சாட்டில் வந்தவர், மேசையருகே நின்றுவிட்டார். சுழலும் தலைப்பகுதியைக் கையிலே வைத்துக்கொண்டிருந்தான் சிறுவன்.

“இதற்குள்ளே எத்தனை பேர் இருப்பார்கள்?”

“ஐந்து பேர், அம்மம்மா. மேலே மூன்று, முன்னுக்கு இரண்டு.”

“ஐந்து பேருக்கு எத்தனை கதவு?”

சிறுவன் விழித்தான், நாமும் விழித்தோம். எத்தனை குதிரைவலு, எத்தனை அங்குல இரும்பு, எத்தனை தொன் என்றெல்லாம் படித்திருந்தோம். கதவுகளை எண்ணிப் பார்த்ததில்லை. சிறுவன் புத்தகத்தைப் புரட்டினான். முன்னால் இருப்போர் இருவருக்கும் ஆளுக்கொரு மூடி. அடித்தளத்திலே தப்புவதற்கு ஒரு சிறு வழி. ஆனால், தொடக்கத்தில் வந்த ஷேர்மன்களிலே, மேலே இருந்த மூவருக்கும் சேர்த்து ஒரே வாசல்தான். குண்டு எடுத்துக் கொடுப்பவன் தளபதிக்கும் சுடுபவனுக்கும் பின்னர், கடைசியாகவே வெளியேற முடியும். வண்டிகள் எரிந்த பிறகே அவனுக்கெனத் தனி வாசல் வைக்கலாயினர். சிறுவன் இதை வாசித்துக் காட்டியபோது அவனுடைய குரல் தாழ்ந்தது.

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “நாங்கள் ஓடின அன்றைக்கு இந்த வீட்டுக்குப் பின்கதவு இருந்தது. அதனால் உன் அம்மா இருக்கிறாள், நீயும் இருக்கிறாய்” என்று சொல்லித் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பின்கதவால் நாமும் ஓடியிருக்கிறோம். ஆயினும், இத்தனை ஆண்டுகளில் அம்மா அதை வாய்திறந்து சொல்லக் கேட்டது அன்றுதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கி, சீனக்குடாவில் ஓர் எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையை அம்மா தம் பெற்றோர் சொல்லக் கேட்டு, நமக்கும் சொல்லியிருக்கிறார். பிறர் பட்டதைச் சொல்வது எளிது. தாம் பட்டதைச் சொல்ல அவருக்கு ஆறரை அங்குல வண்டி ஒன்று வேண்டியிருந்தது.

திறந்த மூடி

மேல் மூடி இரண்டு கதவு போன்றது. திறந்தும் ஒட்டலாம், மூடியும் ஒட்டலாம். உள்ளே வெறுமையாக இருப்பதால், புதியவர்கள் மூடிவிடுவதே நன்று என்று அனுபவசாலிகள் கூறுவர். நாமும் அப்படியே சொன்னோம். சிறுவன் கேட்கவில்லை. “திறந்துதான் இருக்கவேண்டும் மாமா” என்றான். வெறுமை தெரியாதிருக்க, பெட்டியுடன் வந்த இரண்டங்குலத் தளபதியை இடுப்பளவில் வாசலிலே நிறுத்தினான். அந்த மனிதனின் முகத்துக்கு மட்டும் இரண்டு மாலைகள் செலவாயின.

பச்சை வர்ணம் காய்ந்ததும், தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்களை வைத்தோம். நட்சத்திரம் ஒன்று சற்றுச் சரிந்துவிட்டது. நீர்த்த கபில வர்ணத்தை மூலைகளிற் கசியவிட்டோம். பட்டையை மாட்டி, சக்கரங்களிற் சுண்ணக்கட்டித் தூளை மண்போலத் தடவினோம். எட்டு வாரத்தில் வண்டி முடிந்தது. பசை சற்று வழிந்த இணைப்பு ஒன்றும் இடப்பக்கத்தில் உண்டு. அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறோம்.

தந்தையார் லீவில் வந்தார். பெட்டிகள் அவிழ்க்கப்படுமுன்னே சிறுவன் வண்டியைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தான். அவர் நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நீயா?” என்றார். “விரல் அடையாளம் இல்லாத இடமெல்லாம் நான்” என்றான் அவன். அந்தக் குத்தலை நாம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம்.

பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் சொல்லக்கூடியது இதுவே. முதன்முறையாகச் செய்பவர் தம்மால் முடிக்கக்கூடியதைத் தேர்க. பெரியதைத் தொடங்கி விடுவதிலும், சிறியதை முடித்து வைப்பது கைக்கும் மனத்துக்கும் நல்லது. பெட்டிமேற் படத்தை நம்பவேண்டாம். போரைப்பற்றிய படங்களும் அத்தகையனவே. மேலே வெற்றியும் தீயும் தெரியும். உள்ளே எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கதவு என்பது, உறுப்பு உறுப்பாக எடுத்துப் பார்த்தவனுக்கே விளங்கும்.

டைகர் பெட்டி இன்னும் அலுமாரியின் மேல் இருக்கிறது. அடுத்த மாரிக்கு இறக்குவோம் என்கிறான் சிறுவன். ஷேர்மன், சாமியறைக்கு வெளியே உள்ள தட்டில், குடும்பப் படங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை அங்கே வைத்தவர் அம்மா. வெள்ளிக்கிழமை தோறும் தூசி தட்டும்போது, பழைய தூரிகை ஒன்றால் அதையும் துடைக்கிறார். ஒருநாள் அந்த மூடியை விரலாற் தொட்டுப் பார்த்து, “இது மூடுமோ?” என்று கேட்டார்.

“மூடாது அம்மம்மா, ஒட்டியாயிற்று” என்றான் சிறுவன்.

“அப்படியே இருக்கட்டும்” என்றார் அம்மா.